நாற்பத்திரண்டாவது ஊலன்ஃபென்

பால் வண்டி அல்ஃபோன்ஸ் என்றால் மூன்ஸ்டருக்கு மேற்கே அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. முப்பத்து மூன்று வருஷம் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்தவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரி காப்பி கொடுப்பாள், எந்த வீட்டில் பாலைவிடப் பேச்சு அதிகம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வம்பு தும்புக்குப் போகாத மனிதர். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு, ஊலன்ஃபென் என்று பெயர் உள்ளவர்களை எண்ணுவது.

முல்லர் என்று கூப்பிட்டால் ஒரு ரயில் பெட்டியில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஊலன்ஃபென் என்று ஜெர்மனி முழுக்கக் கூவினாலும் திரும்பிப் பார்க்க நாற்பத்தொரு பேர்தான். அல்ஃபோன்ஸ் இதை ஊகமாகச் சொல்லவில்லை. ஊர் ஊராகத் தொலைபேசிப் புத்தகம் வரவழைத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிவைத்த கணக்கு அது. "ஊலன்ஃபென் வீட்லேருந்து பேசுறேங்க, அங்க ஊலன்ஃபென் இருக்காங்களா?" என்று ஆரம்பிப்பார். பாதிப் பேர் ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்துத் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். மனிதர் மறுநாள் மறுபடியும் கூப்பிடுவார்.

ஆந்தைகள் அடைகிற சதுப்பு நிலம் ஒன்று அவர் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், கன்னியர் மடத்துக்குக் கோழி கொண்டுவந்து கொடுக்கிற குடியானவர்கள் பட்டியலில் அந்தப் பெயர் முதன்முதலாக வருகிறது. அப்போதும் சரி, பிறகும் சரி, அது ஆளின் பெயரல்ல, வீட்டின் பெயர். வீட்டுக்கு யார் வந்து அமர்கிறாரோ, பெயரும் அவருக்கு. ஆண் வாரிசு இல்லாத வீட்டில் பெண்ணைக் கட்டி வருகிறவன் தன் பெயரை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். பாதிரியார்கள் ஏட்டில் "இன்னார் என்கிற ஊலன்ஃபென்" என்று எழுதிவைப்பார்கள். கொஞ்ச நாளில் இன்னாரும் போய்விடும், 'என்கிற'வும் போய்விடும், ஊலன்ஃபென் மட்டும் நிற்கும்.

அல்ஃபோன்ஸும் அப்படி வந்தவர்தான். பிறந்தபோது அவர் குலிக். போர் முடிந்த மறுவருஷம், கிழக்கே பறிபோன சைலீசியாவிலிருந்து விரட்டப்பட்ட கூட்டத்தோடு, இரண்டு வயதுக் குழந்தையாக அம்மா இடுப்பில் வந்து இறங்கியவர். பால் எடுக்கப் போன இடத்தில் ஊலன்ஃபென் வீட்டு ஒரே பெண் எல்ஸ்பெத்தைப் பார்த்தார். அந்த வீட்டில் மட்டும் பால் ஏற்ற அரை மணி நேரம் ஆனது. ஊரே கவனித்தது.

கல்யாணம் 1976 செப்டம்பரில். மனைவியின் பெயரைக் கணவன் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பதிவு அலுவலகத்து குமாஸ்தா படிவத்தைத் தேடி மூன்று இழுப்பறைகளைக் கலைத்தார். மாமனார் ஹூபர்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க சட்டம் இப்பத்தான் வந்திருக்கு, எங்க வீட்ல இது முந்நூறு வருஷமா நடக்குது," என்றார். "நடுவுல நூறு வருஷம் சர்க்கார் தடுத்துப் பாத்துச்சு. ஊர்க்காரங்க வாயைத் தடுக்க முடியலை. நீங்க நிதானமா தேடுங்க, அவசரமில்லை."

அவசரம் இல்லாமல் இருந்தது அவருக்குத்தான். அல்ஃபோன்ஸின் அம்மா அந்த அலுவலகத்துக்கே வரவில்லை. முந்தின வாரம் அடுப்படியில் நின்றுகொண்டு மகனிடம் ஒரே ஒரு தரம் பேசினாள்.

"வீட்டை விட்டுட்டு வந்தோம். மாட்டை விட்டுட்டு வந்தோம். உங்கப்பாவை அந்த மண்ணுல விட்டுட்டு வந்தோம். கையில கொண்டுவந்தது பேரு ஒண்ணுதான்டா. அதையும் பொண்ணு வீட்ல குடுத்துட்டு வரப்போறியா?"

அவரால் எல்ஸ்பெத்தை விட முடியவில்லை. அம்மா ஒரு வருஷம் பேசவில்லை. பேத்தி ரூத் பிறந்த பிறகுதான் வாய் திறந்தாள். ஆனால் சாகும்வரை மகனுக்கு எழுதிய ஒவ்வொரு உறையிலும் அல்ஃபோன்ஸ் குலிக் என்றுதான் எழுதினாள். தபால்காரர் அதை ஊலன்ஃபென் வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்.

இதனால்தான் அந்த நீல நோட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. நாற்பத்தொரு பேரையும், கட்டி வந்த பெண்கள் உட்பட, பெயர், ஊர், பிறந்த தேதியோடு எழுதியிருந்த மனிதர், தன்னை மட்டும் எழுதவில்லை. பென்சிலை எடுப்பார், அம்மாவின் உறைகள் ஞாபகம் வரும், வைத்துவிடுவார். கொடுத்த பெயரைத் திரும்பக் கேட்க முடியாது. வாங்கிய பெயர் தன்னுடையதுதானா என்று யாரிடம் போய்க் கேட்பது? வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும், இந்தக் கேள்வி அவரை உள்ளே அரித்துக்கொண்டேதான் இருந்தது.

பக்கத்துப் பண்ணை தேக்லா இதைக் கண்டுபிடித்தாள். கல்யாணத்துக்குப் பச்சிலை வளைவு கட்டுவதும் சாவுக்குச் சவப்பெட்டி தூக்க ஆள் சேர்ப்பதும் அங்கே முதல் பக்கத்து வீட்டாரின் கடமை. அந்த உரிமையில் தேக்லா யார் வீட்டு நோட்டையும் புரட்டுவாள்.

"எல்லாரும் இருக்காங்க, நீ எங்க?"

"நான் எண்ணுறவன். எண்ணுறவனை எண்ணக்கூடாது."

"எங்க வீட்ல கோழி எண்ணுறப்ப எம் புருஷன்கூட இப்படித்தான் சொல்லுவார். அதுல நியாயம் இருந்துச்சு," என்றாள் தேக்லா.

1998-ல் மூன்ஸ்டர் மறைமாவட்டக் காப்பகத்தில் பழைய திருமணப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அல்ஃபோன்ஸ் 1764-ஆம் வருஷத்துப் பதிவு ஒன்றை மூன்று தரம் படித்தார். பிறகு இறப்புப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். நோட்டில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் எல்ஸ்பெத்திடமும் தேக்லாவிடமும் மட்டும் சொன்னார். அதோடு வாயை மூடிக்கொண்டார். அவர் அதை வெளியே சொல்லியிருந்தால் பலருடைய பெருமை அன்றைக்கே கப்பலேறியிருக்கும்.

எல்ஸ்பெத் 2007-ல் போய்ச் சேர்ந்தாள். நோட்டில் அவள் பெயரின் மேல் மெல்லிய கோடு ஒன்று போட அவருக்கு ஆறு மாதம் ஆனது. அதே வருஷம் பிரேமனில் ஒரு குழந்தை பிறந்து கணக்கு பழையபடி நாற்பத்தொன்றில் நின்றது. நோட்டைக் கையில் வைத்திருந்தபோதுதான், எல்லாரையும் ஒரு தரம் இந்த வீட்டுக்கு வரவழைத்தால் என்ன என்று தோன்றியது. அவள் ஆசைப்பட்டதும் அதுதான்.

2009 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேர் வந்துவிட்டார்கள். வைக்கோல் கொட்டகையை மகள் ரூத் கழுவிவிட்டு மேஜை போட்டிருந்தாள். பன்றித் தொடைக் கறி, கறுப்பு ரொட்டி, தேக்லா நாலு தட்டில் சுட்டு வந்த வெண்ணெய்க் கேக், ஆண்களுக்குச் சின்னக் கோப்பையில் தானியச் சாராயம். வாழ்நாள் முழுக்கத் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லியே அலுத்துப்போனவர்கள், முதல் தடவையாக அதைச் சொல்லத் தேவையில்லாத இடத்தில் நின்றார்கள். சிலர் அடையாளச் சீட்டை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

ஹாம்பர்க்கிலிருந்து பல் டாக்டர் எக்கார்ட் வந்திருந்தார். கூடவே மகள் சில்கேயும், ஆறு மீட்டர் நீளத்துக்கு அச்சடித்த வம்சப்படமும். அதைக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார். பிறந்தவர்களுக்குக் கெட்டிக் கட்டம். கட்டி வந்தவர்களுக்குப் புள்ளிக்கோட்டுக் கட்டம். எல்ஸ்பெத்தின் கெட்டிக் கட்டத்துக்குப் பக்கத்தில் புள்ளிகளுக்குள்ளே குலிக் என்று மட்டும் போட்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் டாக்டர். "முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. ரத்தம் ஒரு பக்கம், பேரு ஒரு பக்கம். நீங்க சேகரிச்சதுக்கு நாங்கெல்லாம் நன்றி சொல்லணும்."

அல்ஃபோன்ஸ் தலையை ஆட்டிவிட்டு, காப்பி தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் பின்பக்கம் போனார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. தேக்லா பின்னாலேயே வந்தாள்.

"பதினோரு வருஷமா நோட்டுல வச்சிருக்கியே. எடுத்து அந்த ஆள் மூஞ்சி முன்னாடி காட்டு."

"காட்டி? அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க தேக்லா. சந்தோஷமா வந்திருக்காங்க. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்? எல்ஸ்பெத் இருந்தாலும் இதத்தான் சொல்லுவா."

"எல்ஸ்பெத் இருந்திருந்தா அந்தப் படத்தையே கிழிச்சிருப்பா," என்றாள் தேக்லா.

சாப்பாட்டுக்குப் பிறகு புகைப்படம். வீட்டுக்கு முன்னால் புல்வெளியில் டாக்டர் நின்றுகொண்டு ஆட்களை வரிசைப்படுத்தினார். ஊலன்ஃபென்னாகப் பிறந்தவர்கள் முன்வரிசை, கட்டி வந்தவர்கள் பின்வரிசை. அல்ஃபோன்ஸ் பின்னால் போய் நின்றார். பிறகுதான் கெர்டா கிழவியைப் பார்த்தார். எண்பத்து மூன்று வயது, அவளும் கட்டி வந்தவள்தான். ஓல்டன்பர்க்கில் ஐம்பத்தாறு வருஷமாக ஊலன்ஃபென் என்று பெயர் எழுதிய ரொட்டிக் கடையை நடத்தியவள். கைத்தடியோடு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை டாக்டர் நயமாக எழுப்பிக்கொண்டிருந்தார். அவளும் எழுந்துகொண்டிருந்தாள்.

தனக்கு நேர்ந்ததைப் பொறுத்துக்கொண்ட மனிதருக்கு இது பொறுக்கவில்லை. முன்னால் வந்தார்.

"கெர்டா அம்மா, உக்காருங்க. டாக்டர், ஒரு நிமிஷம்."

கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். குரலை உயர்த்தவில்லை. வண்டி ஏறும்போது எவ்வளவு பால் என்று சொல்வாரே, அதே குரல்.

"உங்க படத்துல 1764-ல பெர்ண்ட் ஊலன்ஃபென்னு ஒரு கெட்டிக் கட்டம் இருக்கு. முந்தினவரோட மகன்னு போட்டிருக்கீங்க. மகன் இல்லை. முந்தினவர் பிள்ளை இல்லாம செத்துட்டார். அவரோட சம்சாரம், அவங்களும் வெளியூர்லேருந்து கட்டி வந்தவங்கதான், பக்கத்து ஊர்க் கூலியாளைக் கட்டிக்கிட்டாங்க. பெர்ண்ட் ஹோல்ட்கோட்டர்னு பேரு. வீட்டுக்கு வந்தான், ஊலன்ஃபென் ஆனான். ரெண்டு வருஷத்துல அந்தம்மாவும் பிள்ளை இல்லாம போயிட்டாங்க. அவன் வேற ஊர்லேருந்து இன்னொருத்தியைக் கட்டினான். ஒன்பது பிள்ளைங்க. இங்க ஊலன்ஃபென்னாப் பிறந்த நீங்க எல்லாரும் அந்த ஒன்பதுலேருந்து வந்தவங்க. எல்ஸ்பெத்தும்தான். பழைய வீட்டுக்காரங்க ரத்தம் ஒரு சொட்டுகூட யார்கிட்டயும் இல்லை."

பசு ஒன்று கத்தியது. டாக்டர் படத்தில் அந்த இடத்தைத் தேடுவதுபோல் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து அது தெரியாது.

"நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்," என்றார் அல்ஃபோன்ஸ். "ஆனா உங்க முறைப்படி பாத்தா முன்வரிசையில நிக்க இங்க ஒருத்தருக்கும் பாத்தியதை இல்லை. வீட்டுக்குத்தான் இருக்கு. அது முன்னால நிக்கட்டும்."

முதலில் சிரித்தவள் கெர்டா கிழவி. பிறகு சில்கே. அப்புறம் கூட்டமே நடுவில் வழிவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கியது. ரூத் எடுத்த அந்தப் படத்தில் நடுவில் நிற்பது வீட்டு வாசல்தான். பிறந்தவர்களும் வந்தவர்களும் கலந்தடித்து இரண்டு ஓரங்களில். டாக்டர் சற்றுத் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சாயங்காலம் வம்சப்படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார்.

நாலு வருஷம் அவரிடமிருந்து கடிதமில்லை. நோட்டில் சிலர் போனார்கள், சிலர் வந்தார்கள், நாற்பத்தொன்று அசையவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்லா காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எக்கார்ட்தான். வானிலையைப் பற்றிப் பேசினார், முட்டிவலியைப் பற்றிப் பேசினார். அல்ஃபோன்ஸ் பொறுமையாகக் கேட்டார்.

"சில்கேக்குக் கல்யாணம்," என்றார் கடைசியில். "மாப்பிள்ளை பேரு லூக்காஸ் முல்லர். எனக்கு இவ ஒருத்திதான், தெரியுமில்ல. பேரு என்னோட முடிஞ்சுதுன்னு நினைச்சிருந்தேன். அந்தப் பையன் எங்க பேரை எடுத்துக்கறேங்கறான். முல்லர் லட்சக்கணக்குல இருக்கான், ஒருத்தன் குறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுதுங்கறான்."

"நல்ல பையன்."

"வம்சப்படத்தைத் திருத்திக்கிட்டிருக்கேன். புள்ளிக்கட்டம் இனிமே கிடையாது. அவனை எப்படி எழுதணும்? அதுல எனக்கு அனுபவமில்லை. உங்களுக்குத்தான் தெரியும். உங்களை நீங்க எப்படி எழுதியிருக்கீங்களோ, அப்படியே எழுதிடறேன். படிச்சுக் காட்டுங்க."

அல்ஃபோன்ஸ் நோட்டைத் திறந்தார். கடைசி வரியில் அன்றைய கணக்கு நாற்பத்தொன்று. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. தேக்லா கோப்பையை வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த பென்சிலை அவர் பக்கம் தள்ளினாள்.

"இருங்க டாக்டர்," என்றார். "கண்ணாடி எடுக்கணும்."

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. எழுத்து சுத்தமாக விழுந்தது. எழுதி முடித்து, அம்மா கொண்டுவந்த பெயரையும் வீடு கொடுத்த பெயரையும் ஒரே வரியில் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"நாற்பத்திரண்டு. அல்ஃபோன்ஸ் குலிக் என்கிற ஊலன்ஃபென். வீட்டுக்கு வந்தது 1976. இதுக்குக் கீழ உங்க பையனை எழுதிக்கங்க."