ஆறடிப் பலகையும் ஓர் இடது காலும்

குற்றாலத்தில் சாரல் காலத்துக்கு மட்டும் திறக்கும் சின்ன வைத்தியசாலையில் கம்பவுண்டராகச் சேர்ந்த அன்றே எனக்கு ஓர் எதிரி கிடைத்தார். அது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

பெயர் சுடலைமுத்து. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். கால் முதலாகப் பிறந்தவராம். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. என் மருந்து மிக்சருக்கு மூன்று பேர் நின்றால், அவருடைய இடது காலுக்கு முப்பது பேர் குப்புறக் கிடப்பார்கள். நான் மதராஸில் படித்துப் பரீட்சை தேறியவன். அவர் பிறந்ததோடு சரி.

அருவிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் ஒரு கசம் உண்டு. பார்வைக்கு ஆழம், நுரைக்கு அடியில் இடுப்பளவில் பாறை. இளவட்டங்கள் அதில் தலைகீழாகப் பாய்வார்கள். நான் ஒரு பலகை எழுதி நட்டேன்: ‘சிரசு முன்னாகத் தடாகத்தில் பாய்வது தேகத்துக்குப் பெருங்கேடு விளைவிக்குமாதலால் ஜனங்கள் அதனைத் தவிர்ப்பாராக.’ நான்கு முறை திருத்திய வாக்கியம். அதன் நீளத்துக்குப் பலகை ஆறடி வேண்டியிருந்தது. ஜனங்கள் அதில் ஈரத்துண்டு காயப்போட்டார்கள்.

ஓர் ஆடி மாதக் காலையில் சுரண்டை ஜவுளிக்கடைக்காரர் மகன் கணபதி பாய்ந்தான். நான் ஓடிப்போனபோது கரையில் மல்லாக்கக் கிடந்தான். “கழுத்து வலிக்கி… காலு ரெண்டும் மதமதன்னு இருக்கு” என்றான்.

அவன் சித்தப்பா கூவினார்: “ஏலே, சுடலைமுத்து அண்ணாச்சியக் கூப்பிடுங்கலே! பயலைக் குப்புறப் போடு. ஒரு மிதியில எந்திச்சிருவான்.”

“அசைக்காதீங்க!” என்று கத்தினேன். “கழுத்தெலும்பு முறிஞ்சிருந்தா, திருப்புனதும் உள்ள ஓடுத தண்டுவடம் நசுங்கிரும். ஆயுசுக்கும் நடக்க மாட்டான்!”

“நீரு மருந்து கலக்குத ஆளுதானவே? ஒதுங்கும்” என்றார் சித்தப்பா.

இரண்டு பேர் அவனைப் புரட்டத் தோளைப் பிடித்துவிட்டார்கள். சுடலைமுத்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். யாரிடம் கெஞ்சவே கூடாது என்றிருந்தேனோ, அவருடைய எண்ணெய்க் கையைப் பிடித்தேன். “அண்ணாச்சி, மிதிச்சிராதீக.”

அவர் குந்தி உட்கார்ந்து கணபதியின் கால் விரலைக் கிள்ளினார். “தெரியுதாலே?”

“லேசா…”

என்னை நிமிர்ந்து பார்த்தார். “பிடிப்புக்குத்தான்வே என் காலு. இதுக்கில்ல. என்ன செய்யணும், சொல்லும்.”

காதில் சொன்னேன். அவர் எழுந்து கூட்டத்தைப் பார்த்து, “என் காலு வேண்டாங்குது! ஒரு பய தொடப்பிடாது. பலகை கொண்டாங்க!” என்றார்.

தோளைப் பிடித்த கைகள் நெருப்பைத் தொட்டதுபோல் விலகின. நான் தொண்டை கிழியச் சொன்னதை அவருடைய கால் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டது. பலகை என்றதும் அவர்கள் பிடுங்கி வந்தது என்னுடைய பலகையை. என் எழுத்து முதன்முதலாக ஒருவருக்குப் பயன்பட்டது. அவனை அதன்மேல்தான் கிடத்தினோம்.

நான் தலையைப் பிடித்துக்கொள்ள, ஐந்து பேர் மரக்கட்டையைத் தூக்குவதுபோல் வளையாமல் தூக்கினார்கள். தலைக்கு இருபுறமும் துண்டில் மணல் மூட்டை. வைக்கோல் பரப்பிய வண்டியில் நடைவேகத்தில் தென்காசி போனோம்.

டாக்டர் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கரையில யாருக்கு இந்த யோசனை வந்தது? திருப்பியிருந்தா காலு போயிருக்கும்.”

“சுடலைமுத்து அண்ணாச்சி காலுக்குங்க, ஐயா” என்றார் சித்தப்பா. நான் அப்போதும் தலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

அடுத்த சாரலுக்குக் கணபதி நடந்தே வந்தான். சுடலைமுத்துவுக்குச் சரிகை வேட்டி. எனக்கு இரண்டு மங்குஸ்தான், அதிலும் ஒன்று முழுக்கப் பழுக்காத செங்காய்.

சுடலைமுத்து அதற்குள் எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் ஒவ்வொரு முதுகிலும் தட்டிச் சொல்ல ஆரம்பித்திருந்தார்: “கசத்துல காலு முதல்ல, தலை பொறவு. நான் பொறந்த மாதிரி எறங்குலே!” சிரித்தார்கள், அப்படியே இறங்கினார்கள். அந்த வாக்கியம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பல நாள் வயிறு எரிந்தது. நான் எல்லாரையும் போலத் தலை முதலாகப் பிறந்தவன், என்ன செய்ய?

புதிதாக வேலைக்கு வரும் கம்பவுண்டர்களுக்கு ஒன்று சொல்வேன். விழுந்தவனை அசைக்காதே என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. அதை எவர் வாயால் சொன்னால் ஊர் கேட்கும் என்பதை நீங்கள்தான் தேட வேண்டும். வயிறு எரியும்; எரியட்டும்.

பலகையைத் திரும்ப நட்டபோது என் வாக்கியத்தை அழித்து அவர் சொன்னதை எழுதினேன். ஓரத்தில், பொடி எழுத்தில், ‘எழுதியவர்: கம்பவுண்டர்’ என்றும் போட்டேன். ஜனங்கள் இப்போதும் துண்டு காயப்போடுகிறார்கள். சுடலைமுத்துவின் வார்த்தை மறையாமல், ஓரமாக.