கல்முனைக் கிளையில் ஒரு கதவு

கல்முனை பிரதான வீதியிலுள்ள அந்தச் சின்ன ஃபினான்ஸ் கொம்பனியின் கிளை மூடப்படுகிறது. கிளை அதிகாரி றிஹானா நேற்றுப் பின்னேரம் தொலைபேசியில் இதை எனக்கு உறுதிப்படுத்தினார். கொம்பனியை வைத்திருக்கும் குழுமம் இன்னொரு நிறுவனத்தையும் வாங்கிவிட்டது. ஒரே வீதியில் இரண்டு கிளை எதற்கு என்பது அவர்களுடைய கணக்கு.

ஃபோனை வைத்ததும் நினைவுக்கு வந்தது ஈரக் குடைகளின் மணம்...

அது பல வருடங்களுக்கு முந்திய ஒரு மாரிகாலம். நான் பத்திரிகையொன்றின் பிரதேச நிருபர். விளம்பரம் கேட்டு அந்தக் கிளைக்குப் போயிருந்தேன். வீதியெல்லாம் வங்கிகளின் போட்டி. எல்லாரும் வட்டியில்லாத இஸ்லாமிய வங்கிப் பிரிவு திறந்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்து வங்கி, கணக்குத் திறந்தால் குடை கொடுத்தது.

இந்தக் கொம்பனியிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அதனால் முகாமையாளர் தவராசா சேர், பெண்களுக்கென்று கதவு வைத்த ஓர் அறையை ஒதுக்கினார். அதைப் பார்த்துக்கொண்டவர் றிஹானா. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அன்று ஓர் அரிசி ஆலைக்காரர் உள்ளே வந்தார். கிளையின் மிகப் பெரிய வைப்புப் பணம் அவருடையது. கவுன்டரில் நின்ற றிஹானாவிடம் நேராகக் கேட்டார்.

"என்ட பொண்டாட்டிட கணக்கில எவ்வளவு கிடக்கெண்டு பாத்துச் சொல்லு."

"அது அவங்கட கணக்கு, ஹாஜியார். உங்கட கணக்கக் கேளுங்க, இப்பவே சொல்றன்."

தவராசா சேர் எழுந்து வந்தார். "இரிங்க ஹாஜியார், டீ ஒண்டு குடிச்சிட்டுக் கதைப்பம்."

"டீ வேணாம் சேர். என்ட காசக் கட்டித் தாங்க. றோட்டுக்கு அங்கால குடையும் தாறான், மரியாதையும் தாறான்."

சேர் றிஹானாவைப் பார்த்தார். றிஹானா இணங்கித் தலையசைக்கவில்லை. சேரும் வற்புறுத்தவில்லை. வைப்பை மீளப்பெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆலைக்காரர் போனார்.

அவருடைய வாகனம் புறப்பட்ட பிறகுதான் அந்த அறையின் கதவு திறந்தது. வெளியே வந்தவர் அவருடைய மனைவி. அவ்வளவு நேரமும் உள்ளேதான் இருந்திருக்கிறார்.

"மகள கெம்பஸுக்கு அனுப்பத்தான் சேக்கிறன் தங்கச்சி," என்றார். "தெரிஞ்சா நிப்பாட்டிப் போடுவார்."

அவர் போனதும் றிஹானா, அண்ணனிடம் கேட்பதுபோல் என்னிடம் திரும்பினார். "எழுதிராதீங்க காக்கா. பேர் போடாட்டியும் ஊருக்கு வீடு தெரிஞ்சிரும்."

நான் எழுதவில்லை. அந்த மகள் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, வேலைக்கும் போய்விட்டதால் இன்று சொல்கிறேன்.

வைப்புப் போனதற்குத் தலைமையகம் விளக்கம் கேட்டது. "அந்தப் புள்ள செஞ்சது சரி. ஆரையும் மாத்துறதெண்டா என்னை மாத்துங்க," என்று சேர் சொன்னாராம். அப்படியே அவரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். போன பணத்தைக் கிளை பல வருடமாக ஈடுகட்டவில்லை. ஆனால் அந்த அறையில் கூட்டம் குறையவில்லை.

இப்போது குடை கொடுப்பவர் எவருமில்லை. எல்லா வங்கிக்கும் ஃபோனில் அப் இருக்கிறது. வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே என்று நேற்று றிஹானாவிடம் கேட்டேன்.

"பாக்கலாம் காக்கா. ஃபோன் ஆர்ட கையில இரிக்கெண்டதுதான் கேள்வி."

இந்தக் கிளை போய் இணையும் மற்ற நிறுவனத்துக் கிளையின் வரைபடத்தில் பெண்களுக்கான அறை இல்லை. றிஹானா எழுதிக் கேட்டிருக்கிறார். இம்மாத முடிவுக்குள் பதில் தருவதாகத் தலைமையகம் சொல்லியிருக்கிறது.

இன்னும் வரவில்லை.