ஏணி மேல் பிடிக்க ஒரு மெஷின்

திருப்பதியில் புதிதாக எழும்பும் அடுக்குமாடி வீடுகளில் முதலில் கொசு குடிவரும், அப்புறம்தான் மனுஷர்கள் வருவார்கள். அந்தக் கொசுக்களின் புண்ணியத்தில்தான் ரோஹிணி வீட்டு அடுப்பு எரிந்தது. ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பது, திரைச்சீலைக்குக் கம்பி மாட்டுவது, இவைதான் அவளுக்கும் அவள் கணவன் தனசேகருக்கும் தொழில்.

தொழிலைத் தொடங்கியவன் தனசேகர்தான். நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன், கல்யாணத்துக்குப் பிறகு திருப்பதிக்கு வந்து வலை அடிக்கப் பழகினான். அளவெடுப்பதில் கெட்டிக்காரன். பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரன். ஏணி மட்டும் அவனுக்கு ஆகாது. இரண்டு படிக்கு மேல் ஏறமாட்டான். ஒருநாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு போன ரோஹிணி, அவன் ஏணியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"இன்னா, சாமி கும்புட்டுக்கினு கீறியா?"

"தலை சுத்துது மே."

"எறங்கு நீ."

அவன் இறங்கினான், அவள் ஏறினாள். அன்று ஏறியவள்தான். அவன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர்களோடு ஊர்க்கதை பேசுவான். அவள் மேலே நின்று சுவரில் ஓட்டை போடுவாள். டிரில்லிங் மெஷின் சுவருக்குள் இறங்கும்போது உள்ளங்கையில் ஏறும் அதிர்வு அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

பிடிக்காதது வயர்தான். ஏணியில் சுற்றிக்கொள்ளும், காலில் மாட்டிக்கொள்ளும், எட்டவேண்டிய இடத்துக்கு ஒரு சாண் முன்னால் தீர்ந்துபோகும். திருச்சானூர் ரோட்டில் ஒரு வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, பாதி ஓட்டையில் மெஷின் அடங்கிப்போனது. கரண்ட் போய்விட்டதென்று அவள் ஏணி மேலேயே காத்திருந்தாள். சமையலறையில் மிக்சி அலறியது.

"சட்னி ஆட்டணும்னு பிளக்கைப் பிடுங்கிட்டேன்மா, ஒரு நிமிஷம்" என்றாள் வீட்டுக்காரம்மா.

வீட்டுக்கு வந்ததும் ரோஹிணி சொல்லிவிட்டாள்: "வயர் இல்லாத மெஷின் வாங்குனாத்தான் இனிமே ஏணி ஏறுவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு ஹார்டுவேர் கடைக்கு இருவரும் போனார்கள். கடைக்காரர் சுரேஷ்பாபு தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர். மெஷின் என்ற சொல் காதில் விழுந்ததுமே தனசேகர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"ரண்டி அண்ணா, வாங்க. ஊட்டுக்கா, சைட்டுக்கா?"

"சைட்டுக்குத்தான்" என்றான் தனசேகர், பெரிய பாலம் கட்டுகிறவன்போல.

சுரேஷ்பாபு உள்ளே இருப்பதிலேயே பெரியதை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேட்டரியே செங்கல் அளவு இருந்தது. தனசேகர் விசையை அழுத்தினான். மெஷின் உறுமியது. அவன் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை ரோஹிணி தன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"ஹேமர் கீது, இடிச்சிக்கினே தொளை போடும். கான்க்ரீட்ல வெண்ணெய் மாதிரி பூரும்" என்றார் சுரேஷ்பாபு.

"மே, பாத்தியா? வெண்ணெய்!"

"குடு இங்க" என்றாள் ரோஹிணி. வாங்கிப் பார்த்துவிட்டு, கடைக்காரரைக் கேட்டாள்: "ஒரு ஸ்டூல் கீதாண்ணா?"

அவள் உட்காரத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அவர் துடைத்துக் கொடுத்தார். அவள் அதன்மேல் ஏறி நின்றாள். மெஷினைத் தலைக்கு மேலே தூக்கி, சுவரும் கூரையும் சேரும் இடத்துக்கு நேராக நீட்டிப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். ஆணி வாங்க வந்தவர்களும் பெயின்ட் வாங்க வந்தவர்களும் கூரையில் பல்லியா என்று அண்ணாந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் மெஷினின் முனை கீழே சாயத் தொடங்கியது.

இறங்கி, தனசேகரிடம் கொடுத்தாள். "நீ புடி."

அவனும் பிடித்தான், தரையில் நின்றுதான். பேசிக்கொண்டே பிடித்தான். பேச்சு குறைந்தது. முகம் சிவந்தது. "நமக்கெதுக்குமே இந்த யானை" என்று சொல்லி மேஜைமேல் வைத்துவிட்டான்.

அப்புறம் அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டூலில் ஏறி இறங்கினாள். கடைசியில் மூலையில் இருந்த சின்ன மெஷின் ஒன்று அவள் கையில் உட்கார்ந்தது. குழந்தை போல லேசாக இருந்தது. பிடிமானம் அவள் விரலுக்கு அளவெடுத்துச் செய்தாற்போல இருந்தது.

"அக்கா, அது ஊட்டு வேலைக்கு. அலுமினியம், மரம் எல்லாம் போடும். செங்கல் செவுருகூட மெதுவாப் போடும். கான்க்ரீட்டுக்கு ஒத்து, வேணாம். இதுல ஹேமர் லேது" என்றார் சுரேஷ்பாபு. இப்போதுதான் முதல்முறையாக அவளைப் பார்த்துப் பேசினார்.

ரோஹிணியின் காதுக்குக் கேட்டது, மனசுக்குக் கேட்கவில்லை. "இதையே கட்டுங்க" என்றாள்.

ஒரு வாரம் ராஜ்யம் நடந்தது. வலைச் சட்டங்களில் சின்ன மெஷின் கிர்ரென்று திருகாணியை இறக்கியது. பிளக் தேட வேண்டாம், மிக்சியோடு சண்டை வேண்டாம். இன்னும் கரண்ட் இழுக்காத வீடுகளில்கூட வேலை முடித்துவிட்டு வந்தார்கள். தூங்கும்போது மட்டும்தான் அவள் அதைக் கீழே வைத்தாள்.

அப்புறம் வசந்தம்மா வீடு வந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தெலுங்கு டீச்சர், நாலாவது மாடியில் புது வீடு. ஜன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பி வேண்டும் என்றார். ரோஹிணி ஏறினாள், மெஷினை வைத்து அழுத்தினாள். மெஷின் சிணுங்கியது. இன்னும் அழுத்தினாள். சிணுங்கல் அழுகையானது, கருகிய வாசனை வந்தது. எடுத்துப் பார்த்தால் சுவரில் கடுகு வைக்கிற அளவுக்கு ஒரு குழி. துளை போடும் பிட்டின் முனை மழுங்கியிருந்தது. ஜன்னலுக்கு மேலே ஓடியது செங்கல் அல்ல, பாரம் தாங்கும் கான்க்ரீட் உத்தரம், லிண்டல்.

"ஏமயிந்தம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டபடி வசந்தம்மா வந்து நின்றார்.

ரோஹிணி மெஷினைத் தாழ்த்திப் பிடித்தாள். கடைக்காரர் சொன்னது இப்போது வரிவரியாக ஞாபகம் வந்தது. கீழே நிற்கிற ஆள் வாயைத் திறக்கப்போகிறான், சொல்லப்போகிறான் என்று ஏணி மேலே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தனசேகர் வாயைத் திறந்தான். "அம்மா, நீங்க அதிர்ஷ்டசாலி. இந்த மாதிரி கெட்டியான கட்டடம் நான் திருப்பதியிலயே பாத்ததில்ல. எங்க மெஷினே தோத்துப்போச்சு பாருங்க. பில்டரு சிமெண்ட்டுல கை வைக்கலை."

வசந்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அந்தக் கடுகுக் குழியைக் காட்டினார். அவர் போய்த் தன் மனைவியைக் கூட்டிவந்தார். மூவரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சுவரைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போயி வேற மெஷின் எடுத்தாறேன்" என்று தனசேகர் படி இறங்கினான். வீட்டுக்குப் போய் வர எப்படியும் நேரமாகும் என்று ரோஹிணி இறங்கி உட்கார்ந்தாள். வசந்தம்மா காபி கலக்கப் போனார். பால் பொங்குவதற்குள் தனசேகர் திரும்பிவிட்டான். கையில் பழைய வயர் மெஷினும் நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டியும் இருந்தன.

ரோஹிணி அவனையே பார்த்தாள். "இது எங்க இருந்துச்சு?"

"வண்டியில. சாக்குப்பையில சுத்தி வெச்சிருந்தேன்."

"எப்பலேர்ந்து?"

"மெஷின் வாங்குனதுலேர்ந்து" என்றான், பிளக்கைச் சொருகிக்கொண்டே. "டெய்லி எடுத்தாந்துக்கினுதான் கீறேன்."

"ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீ எடுத்தார உடுவியா?"

அவளுக்குக் கோபமாக வந்தது. எதற்கு என்றுதான் பிடிபடவில்லை. தன் மெஷினை நம்பாததற்கா, தோற்றுப்போனபோது குத்திக்காட்டாததற்கா? திட்டுவதற்கு ஒரு காரணமாவது கொடுத்திருக்கலாம். விறுவிறுவென்று ஏணி ஏறினாள். பழைய மெஷின் அதிர்ந்துகொண்டே லிண்டலுக்குள் இறங்கியது. சிமெண்ட் தூள் கீழே நின்றவன் தலையில் கொட்டியது. கொஞ்சம் வேண்டுமென்றே கொட்டினாள் என்றும் சொல்லலாம்.

"கண்ணுல உழுதுமே!"

"உழட்டும். அண்ணாந்து பாக்காத."

கம்பி மாட்டி முடித்ததும் எதிர்வீட்டுக்காரர் ஏணிப் பக்கம் வந்து கனைத்தார். தங்கள் வீட்டுச் சுவரும் அதே அளவு கெட்டிதானா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அப்படியே நாலு ஜன்னலுக்கு வலையும் அடிக்க வேண்டுமாம்.

தனசேகர் தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு அளவு டேப்பை எடுத்தான். ரோஹிணி ஒரு கையில் சின்ன மெஷினையும் மறு கையில் பழையதையும் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் எதிர்வீட்டுக்குள் போனாள். வாசற்படி தாண்டும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் பார்த்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.