தாஹிரா சொன்ன முடிவு

என் தங்கை தாஹிராவுக்கு வாய் அதிகம். திண்டுக்கல்லில் எங்கள் தெருப் பெண்களை டூரிங் கொட்டகைக்கு வீட்டில் விடமாட்டார்கள். நான் அங்கே வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் என்பதால், இவளை மட்டும் பெண்கள் பக்கத்து மணலில் உட்கார வைத்துவிடுவேன். மறுநாள் மத்தியானம் எங்கள் முற்றத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவார்கள். பாட்டு, அழுகை, சண்டை எல்லாம் சேர்த்து முழுப் படத்தையும் சொல்லுவாள். பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி மாமி அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும். நான் அந்த நேரம் தூங்குவேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பள்ளிக்கூடத்தை முடித்தாள். வாத்தியார் டிரெயினிங் போகணும் என்றாள். அத்தா மவுத்தாகி அடக்கம் பண்ணின பிறகு வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். பழனியில் செருப்புக்கடை வைத்திருந்த ஒரு மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். "சரிண்ணே" என்றவள், அதற்கப்புறம் என்னிடம் பேசவேயில்லை. முற்றத்தில் மட்டும் கதை நிற்கவில்லை.

அந்தச் சமயம் எங்கள் கொட்டகையில் ஒரு படம் பதினெட்டு நாள் ஓடியது. படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணின் கதை. பிறகு படப்பெட்டி பழனிக்குப் போனது. மகள் வீட்டுக்குப் பழனி போன ஜெய்தூன் மாமி அங்கே அதைப் பார்த்துவிட்டது. திரும்பி வந்த கையோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

"ஏண்டி, கல்யாணத்தன்னைக்கு அந்தப் பிள்ள ரயிலேறி டீச்சருக்குப் படிக்கப் போச்சுன்னு சொன்னே? அங்க தாலியக் கட்டி அடுப்படியில உக்கார வச்சிட்டாங்க! அவளுக்காக நான் துஆ வேற கேட்டேனேடி! அம்புட்டும் புளுகா?"

தாஹிரா தாவணி நுனியை முறுக்கினாள். மாமி என் பக்கம் திரும்பியது.

"மீரான், தெனமும் வாசல்ல நிக்கிறவன் நீ. சொல்லுப்பா. போனாளா, கட்டிக்கிட்டாளா?"

பதினெட்டு நாளும் கடைசிக் காட்சியைப் பார்த்தவன் நான். கட்டிக்கொண்டாள். ஆனால் தாஹிரா யார் கதையைச் சொல்லியிருக்கிறாள் என்பது என் மரமண்டையில் அப்போதுதான் ஏறியது.

"போனா மாமி. பழனிக்காரன் ரீல வெட்டியிருப்பான்."

"எடுபட்ட பய!" என்று திட்டிக்கொண்டே மாமி போனது.

"அண்ணே, நெசமாவா?" என்றாள் தாஹிரா.

"வாய மூடிட்டுப் பெட்டியக் கட்டு."

மறுநாள் முதல் பஸ்ஸில் பழனி போனேன். மாப்பிள்ளை வீட்டில் நன்றாக ஏச்சு வாங்கிக்கொண்டு, கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கி வந்தேன்.

தாஹிரா இப்போது ஆத்தூரில் டீச்சர். ஜெய்தூன் மாமி இன்றைக்கும் பழனிக் கொட்டகைக்காரனைத் திட்டுவதை விடவில்லை.