ட்ரெயினிங் போகிற ரயில்

ட்ரெயினிங் என்றால் ரயிலில் போவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். என்மேல் தப்பில்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டிய கூலிக்காரத் தெருவில் பிறந்தவளுக்கு அந்தச் சொல்லில் வேறென்ன கேட்கும்? அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தாள். எங்கள் தெருவில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. அடுத்து அவள் டீச்சர் ட்ரெயினிங் போகப்போகிறாள் என்று அம்மா குளத்தங்கரையில் கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா தன் தகரப்பெட்டியைத் தலையில் சுமந்துவந்து கொடுத்துவிட்டுப் போனார். நான் நாள் முழுக்க அதன்மேல் உட்கார்ந்து, வாயாலேயே கூவிக்கொண்டு, தஞ்சாவூர்வரை போய்வந்தேன்.

ஆனால் பாஸ் செய்தால் மட்டும் போதாதாம். இடம் கிடைக்க யாராவது பெரிய மனிதர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரே பெரிய மனிதர் மிராசுதார். அவரோடுதான் அப்போது தெருவே சண்டையில் இருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, சங்கம் வேலையை நிறுத்தியிருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. பறிக்க ஒருவரும் இறங்கவில்லை. மெட்ராஸில் நம்ம ஆட்சி வந்துவிட்டது என்று டீக்கடையில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அது எங்கள் ஊர் வரப்புவரைக்கும் வந்துசேர நாளாகும் போலிருந்தது.

ஒரு நாள் காலையில் மிராசுதாரின் காரியக்காரர் எங்கள் வாசலுக்கே வந்து நின்றார். தெருமுனையில் நின்று குரல் கொடுத்தே பழகியவர் அவர். அப்பாவை அவர் ‘டா’ போடாமல் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“ஒன் வீட்டு ஆளுங்க மட்டும் நாளைக்கி எறங்கட்டும். பொண்ணு ட்ரெயினிங்குக்கு ஐயா சொல்லிடுறாரு,” என்றார்.

சங்கத்துக்கு முன்னால் நிற்பவர் அப்பா. அவர் வீட்டார் இறங்கிவிட்டால் மற்றவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள்? காரியக்காரர் விவரமானவர். கேட்டுச் சொல்வதாக அப்பா பதில் சொன்னார். சங்கத்தைக் கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு காரியக்காரர் போய்விட்டார்.

அப்பா கேட்டது அக்காவை. அவள் அடுப்புக்குச் சுள்ளி தள்ளிக்கொண்டிருந்தாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையமர்த்திவிட்டு, “நீ சொல்லு ஆயி. நீ போவணும்னா நான் எறங்குறேன்,” என்றார். அப்படியொரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அக்கா திரும்பவில்லை. அடுப்பு புகைந்தது. அதை ஊதிவிட்டுத்தான் பேசினாள்.

“தெருவே பட்டினி கெடக்கையில நம்ம மட்டும் எறங்கி, நான் டீச்சராயி, யாரு புள்ளைக்குப்பா பாடம் சொல்லுவேன்?”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று அம்மா அன்று முழுக்கப் புலம்பினாள். ரயில் போய்விட்டதே என்று நானும் சேர்ந்து அழுதேன்.

பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது. பயிற்சிப் பள்ளியிலிருந்து அக்காவுக்கு ஒரு தகவலும் வரவில்லை. பெட்டி மூலைக்குப் போனது. பல வருடம் கழித்து, சலுகைகள் ஒருவழியாக எங்கள் தெருவைக் கண்டுபிடித்த பிறகு, அதே பெட்டியோடு நான் ட்ரெயினிங் போனேன். பஸ்ஸில்தான் போனேன். நட்டும் களை பறித்தும் என்னை அனுப்பிவைத்தவள் அக்கா.

ஆனால் அக்கா என்றதும் எப்போதும் முதலில் ஞாபகம் வருவது, நடவு தொடங்கிய அந்த நாள்தான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்காவும் பெண்களோடு இறங்கினாள். தண்டவாளத்துக்கு அடுத்த வயல். லீவு நாட்களில் நட்டுப் பழகிய கை என்பதால் வரிசை கோணாமல் வந்தது. கஞ்சித் தூக்கோடு நான் வரப்பில் நின்றிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரயில் வந்தால் நடவுப் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். குனிந்து குனிந்து ஓய்ந்த இடுப்புக்கு அது ஒன்றுதான் ஓய்வு. எவ்வளவு கறாரான காரியக்காரரும் அந்த நேரத்தில் மட்டும் அதட்டமாட்டார்.

தஞ்சாவூர் வண்டி வந்தது. வரிசை முழுக்க நிமிர்ந்தது. அக்கா ஒருத்தி மட்டும் குனிந்தபடியே நட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கடைசிப் பெட்டி மறைவதற்குள் பார்த்துவிடட்டுமே என்று, “அக்கா, ட்ரெயினு! ட்ரெயினு!” எனக் கத்திக்கொண்டு வரப்பில் ஓடினேன். நிமிர்ந்து நின்ற பெண்களில் ஒருத்தி வாயில் விரலை வைத்து, பேசாதே என்று எனக்கு ஜாடை காட்டினாள். எதற்கென்று விளங்கவில்லை. நான் இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.