எலித்தோல் ஸ்லைடுகளும் அக்காவும்

எலியின் தோலை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவது எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது, அங்கே ஆராய்ச்சி செய்யும் அக்காவின் வேலை. தள்ளியிருக்கும் ரவாங்கிலிருந்து, கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் நின்றுகொண்டே வருவார். வந்ததும் எலிகளைத்தான் முதலில் விசாரிப்பார், என்னை அப்புறம்தான். இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

மணல் ஈ கடித்துப் பரவும் ஒரு தோல் நோய்க்கு அக்கா களிம்பு ஒன்று உருவாக்கியிருந்தார். வருடக்கணக்கான உழைப்பு. அது பலித்தால் பிஎச்டி, இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நோய் ஏற்றிய எலிகளில் பாதிக்கு மருந்துக் களிம்பு, மீதிக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. எந்த ஸ்லைடு எந்த எலியுடையது என்று தனக்குத் தெரியவே கூடாது என்பார். அதனால் எண்களின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, அதில் வேறு எண் எழுதி, கலைத்துக் கொடுப்பேன்; எது எது என்ற பட்டியல் என்னிடம் மட்டும் இருக்கும்.

நோய் முற்றிய தோலைப் பார்க்கவே பாவமாக இருக்கும். மேல்தோல் அழிந்து குழி விழுந்திருக்கும். நோயைத் தரும் ஒட்டுண்ணியை விழுங்க வந்த செல்லுக்குள்ளேயே ஒட்டுண்ணி குடும்பம் நடத்தும். செல் ஊதிப்போய்க் கிடக்கும். அக்கா அலுக்காமல் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஆறத் தொடங்கிய தோல் வந்தால் மட்டும் குரல் மாறிவிடும்.

"இங்க பாரேன், ஓரத்துல இருந்து புதுத்தோல் எவ்ளோ அழகா ஏறி வருது."

அன்று பலமுறை இப்படிக் கூப்பிட்டுக் காட்டினார். மறைத்தது நான், எது எது என்று எனக்குத் தெரியும். அழகாக ஆறியவற்றில் பாதி, வெறும் களிம்பு பூசியவை. ஆனாலும் ஆமாக்கா, ஆமாக்கா என்று தலையாட்டினேன்.

எல்லாம் முடிந்ததும் பிளாஸ்டர்களைப் பிரித்தோம். மருந்து பூசியதும் பூசாததும் ஒன்றுபோலவே ஆறியிருந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறவில்லை என்று எழுதும் முன் இரண்டு மூன்று ஸ்லைடுகளில் அவர் வெகுநேரம் தயங்கியதைக் கவனித்திருந்தேன். அவையெல்லாம் மருந்து பூசியவை. அவற்றை ஆறியதாகக் கொண்டால் மருந்து ஜெயித்துவிடும். இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்று அவற்றை எடுத்து நீட்டினேன்.

அக்கா வாங்கிக்கொள்ளவில்லை.

"வேணாம் லா. இப்ப எதுன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் ஆசைப்படறதுதான் என் கண்ணுக்குத் தெரியும்."