ரெடி சொன்னால்தான் சைக்கிள்

மைன்ஸில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. நிலக்கரியை மேலே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டை ஓடவிடுவது என் வேலை. மூன்று முறை சைரன் கொடுக்க வேண்டும்; மறுமுனையில் நிற்பவர் போனில் "ரெடி" சொல்ல வேண்டும். அதற்கு முன் ஸ்விட்சில் கை வைத்தவனை நான் சும்மா விட்டதில்லை.

அப்பேர்ப்பட்ட நான், நான்கு வயது மகளை சைக்கிள் கேரியரில் வெறுமனே உட்காரவைத்து, "அப்பாவைப் புடிச்சுக்கோ" என்று மட்டும் சொல்லி டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகச் சுற்றினேன். ஒருநாள் அவள் குதிகால் பின்சக்கரக் கம்பியில் உரசித் தோல் கிழிந்துவிட்டது.

மருந்து போட்டபடியே மனைவி சொன்னாள்: "மைன்ஸ்ல ஒருத்தன் பெல்ட் பக்கம் போனாலே அந்தக் கத்து கத்துறீங்க. பெத்த புள்ள காலு மட்டும் சக்கரத்துல போலாமா?"



குழந்தையை சைக்கிளில் எப்படி ஏற்றவேண்டும் என்று அன்று எங்களுக்கு யாரும் சட்டம் சொன்னதில்லை. வீட்டிலேயே ஒன்று போட்டுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்குக் குழந்தை சீட் வாங்க மூவரும் பண்ருட்டிக்கு பஸ் ஏறினோம். கடைக்காரர் முதலில் எடுத்துப்போட்ட பிரம்பு சீட் அழகாக இருந்தது. கால் வைக்க இடமில்லை. அடுத்ததில் சாய்மானம் இல்லை. மூன்றாவது முரட்டு இரும்பு. ஆனால் சாய்மானமும் இரண்டு பக்கமும் கால்பலகையும் இருந்தன. ஒவ்வொன்றிலும் மகளை உட்காரவைத்துப் பார்த்தேன்.

"ஒரு சீட்டுக்கு இவ்ளோ நேரமாங்க?" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார்.

"ஒக்காரப் போறது நீங்க இல்லீங்களே" என்றேன். இடுப்புக்கு ஒரு தோல்வாரும் வைத்துத் தைத்து வாங்கினேன்.

அதன்பின் மைன்ஸ் பழக்கம் சைக்கிளுக்கும் வந்தது. மூன்று முறை பெல் அடிப்பேன். வாரை மாட்டி, கால்களைப் பலகையில் வைத்து, அவள் "ரெடி" என்றால்தான் பெடலை மிதிப்பேன்.

ஒரு காலை, அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் ஷிஃப்டுக்குப் போகவேண்டும். நேரமாகிவிட்டது. பெல் அடித்தேன், பதில் இல்லை. மறுபடி அடித்தேன்.

"சொல்லித் தொலையேன்" என்று எரிந்துவிழுந்தேன்.

"மாட்டேன். நான் இன்னும் ரெடி இல்லப்பா."

அழுகை முட்டிய குரல். திரும்பிப் பார்த்தேன். புது ஷூவின் கயிறு அவிழ்ந்து, சக்கரக் கம்பியில் சிக்கியிருந்தது. ஒரு மிதி மிதித்திருந்தால் கால் உள்ளே போயிருக்கும். கீழே உட்கார்ந்து அதைப் பிரித்தெடுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

பத்து நிமிஷம் லேட். "உங்களுக்கே லேட்டா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"ரெடி வரலைங்க சார். அதான் வண்டிய எடுக்கல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. லேட் என்று எழுதிக்கொண்டார். என் சர்வீஸில் வாங்கிய ஒரே லேட் அது. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை, ஒரே பெருமைதான். என் அதட்டலுக்குப் பயப்படாத ஒரு ஆள் கடைசியில் என் வீட்டிலேயே இருந்தாள்.